டியர் லாட்ஜ் பள்ளத்தாக்கில் ஒரு குதிரைப் பண்ணை

பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று வட்டத்து நண்பர்கள் பணித்தபோது, கல்வெட்டோ செப்பேடோ பற்றி ஏதேனும் எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அத்துறையில் என்னினும் வல்லார் நம் வட்டத்திலேயே உளர். நான் எழுத எடுத்துக்கொண்டது கடல் கடந்த ஒரு பண்ணையைப் பற்றி. அங்கே நான் இருந்தது அரை நாள்தான். திரும்பி வந்தபின் அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு வீட்டின் வரலாறு எங்கே தொடங்குகிறது, அதை எவர் பெயரால் சொல்வது என்ற கேள்வி அங்கே என்னைப் பற்றிக்கொண்டது, இன்னும் விடவில்லை.

மகள் குடும்பத்தோடு ஸியாட்டில் நகரிலிருந்து யெல்லோஸ்டோன் பூங்காவுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஆகஸ்டு மாதம். மொன்டானா மாநிலத்தில் மிசூலா நகரில் இரவு தங்கினோம். விடுதி மேசையில் கிடந்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பேரன் எடுத்துக் காட்டினான். அகன்ற தொப்பி, சுருட்டிய கயிறு, குதிரை. "தாத்தா, கௌபாய் இருக்கிற இடம்" என்றான். மருமகன் தயங்கினார். "வழியிலேதான் இருக்கு மாமா. ஆனா இருட்டறதுக்குள்ளே போய்ச் சேரணும். உங்களுக்கும் பார்க்கணும்னா நிறுத்தலாம்" என்றார். பேரனுக்குத் துப்பாக்கி மேல் ஆசை. எனக்குப் பழைய வீடுகள் மேல். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டியதால் மறுநாள் முற்பகலில் டியர் லாட்ஜ் என்னும் சிற்றூரில் இறங்கினோம்.

மலைகளுக்கு நடுவே அகன்று கிடக்கும் புல்வெளிப் பள்ளத்தாக்கு அது. நடுவில் கிளார்க் ஃபோர்க் என்னும் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊருக்குத் தெற்கே ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளாக அதன் உப்புப் படிந்து படிந்து ஒரு கூம்பு வடிவக் குன்றாகிவிட்டது. அதன் உச்சியிலிருந்து எழும் ஆவி, தொலைவிலிருந்து பார்ப்பவர்க்குத் தோல் கூடாரத்தின் உச்சியில் எழும் புகை போலத் தோன்றும். உப்பை நக்க மான்கள் அங்கே கூடும். ஆகவே ஷோஷோனி மக்கள் அதை மானின் வீடு என்றார்கள். பின்வந்த பிரெஞ்சுத் தோல் வணிகர் அதையே தம் மொழியில் சொன்னார்கள். ஆங்கிலேயர் அதை டியர் லாட்ஜ் என்றார்கள். பெயர் மூன்று மொழி மாறியும் பொருள் மாறவில்லை. அந்த நாட்டில் இது அரிது.

பண்ணைக்குக் கிராண்ட்–கோர்ஸ் பண்ணை என்று பெயர். 1972-இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை வரலாற்றுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் வைத்த சின்னம் அன்று. சுமார் 1,600 ஏக்கரில் இன்றும் மாடு மேய்கிறது, வைக்கோல் அறுபடுகிறது, குதிரைகள் வேலை செய்கின்றன. சாலையிலிருந்து இறங்கி இருப்புப்பாதையைக் கடந்து நடந்தால், முதலில் வருவது மணம்: காய்ந்த புல், குதிரைச் சாணம், பழந்தோல். எங்கள் ஊரில் ஜட்கா வண்டிகள் நின்ற இடத்தின் மணம் அது. அறுபது ஆண்டுக்குப்பின் அதை மொன்டானாவில் முகர்வேன் என்று நினைக்கவில்லை. பிறகு மரக்கட்டிடங்கள். மழையும் வெயிலும் தின்று சாம்பல் நிறமான லாயங்கள், கொல்லுப் பட்டறை, பனிக்கட்டி சேமிக்கும் கொட்டகை, ஆட்கள் தங்கிய நீள வரிசை வீடு. அவற்றின் நடுவே, அவற்றோடு சற்றும் ஒட்டாமல், சன்னல்கள் நிறைந்த ஒரு வெள்ளை வீடு.

பேரன் முதலில் கேட்ட கேள்வி, "துப்பாக்கி எங்கே?" என்பதுதான். பண்ணையைச் சுற்றிக்காட்டிய ஊழியர் சிரித்துவிட்டு, இங்கே மிகுதியும் தேய்ந்த கருவி வைக்கோல் வாரும் முள்கரண்டி என்றார். அவன் முகம் வாடிப்போயிற்று. எனக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே வந்த பயன் கிடைத்துவிட்டது.

பண்ணையின் கதையைச் சொல்லுமுன் குதிரையின் கதையைச் சொல்லியாக வேண்டும். குதிரையினம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் நாயளவே இருந்த ஒரு விலங்கிலிருந்து அங்கே அது வளர்ந்தது. நிலப்பாலம் வழியே ஆசியாவுக்குப் பரவியது. பிறகு, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், பிறந்த மண்ணிலேயே அழிந்துபோயிற்று. 1493-இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் குதிரைகளைக் கப்பலேற்றிக் கரீபியத் தீவுகளில் இறக்கினார். 1519-இல் கோர்ட்டஸ் 16 குதிரைகளோடு மெக்சிக்கோவில் இறங்கினார். 1598-இல் ஸ்பானியர் நியூ மெக்சிக்கோவில் குடியேறியபோது மந்தை மந்தையாகக் கொண்டுவந்தார்கள். ஆக, குதிரை அங்கே வந்த விருந்து அன்று. நெடுநாள் கழித்து வீடு திரும்பிய பிள்ளை.

1680-இல் புவெப்லோ மக்கள் ஸ்பானியரை எதிர்த்தெழுந்து துரத்தியபோதுதான் குதிரைகள் பழங்குடியினர் கைக்கு வந்தன என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். 2023-இல் வெளியான ஆய்வொன்று, பழைய குதிரை எலும்புகளைக் கொண்டு இதை மாற்றி எழுதியது. அதன்படி 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே, ஐரோப்பியர் கண்ணில் படாத தொலைவுகளில், பழங்குடி மக்கள் குதிரைகளை வளர்த்தும் ஏறியும் வந்திருக்கிறார்கள். அம்மக்களின் முதியோர் இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். எழுத்தில் இல்லாததால் ஏற்கப்படவில்லை. வாய்மொழியைத் தள்ளிவிட்டுக் கடிதத்தை மட்டும் சான்றாகக் கொள்ளும் பழக்கம் நம்மிடமும் உண்டு; அதன் விளைவையும் நாம் அறிவோம்.

புதிய விலங்குக்கு அவர்கள் இட்ட பெயர்களைப் பாருங்கள். பிளாக்ஃபுட் மக்கள் அதைக் கடமா நாய் என்றார்கள். கடமானைப்போல் பெரிது, நாயைப்போல் சுமை இழுக்கும். லக்கோட்டா மக்கள் புனித நாய் என்றார்கள். அதுவரை அவர்களுக்கு இருந்த ஒரே வளர்ப்பு விலங்கு நாய்தான். பரி, புரவி, இவுளி என்று பல பெயர் வைத்திருக்கும் மொழிக்காரனாகிய எனக்கு, இரண்டு பழைய சொற்களைச் சேர்த்து ஒரு புதிய உயிரைப் பிடித்த அந்தத் திறம் பெரிதாகவே பட்டது.

ஷோஷோனி மக்கள் வடக்கே குதிரையைக் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர்கள். இந்தப் பண்ணையின் கதையில் முதலில் வரவேண்டிய பெண் அவர்களுள் ஒருத்தி. அவள் பெயர் குவாரா.

அவள் கணவர் ஜானி கிராண்ட். தந்தை ரிச்சர்டு கிராண்ட், ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் அதிகாரியாக இன்றைய ஐடஹோவிலுள்ள ஹால் கோட்டையில் இருந்தவர். தாய் வழியில் ஜானி, பிரெஞ்சும் பழங்குடியும் கலந்த மெட்டிஸ் குடியைச் சேர்ந்தவர். சிறு வயதில் தாயை இழந்து, கியூபெக்கில் பாட்டியிடம் வளர்ந்து, 1847-இல் தந்தையிடம் வந்துசேர்ந்தார். அக்காலத்தில் ஆரிகன் நோக்கி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் போய்க்கொண்டிருந்தன. பாதி வழியில் மாடுகளுக்குக் கால் தேய்ந்துவிடும், எலும்பு தெரியும். ஜானி அவர்களிடம் நல்ல மாடு ஒன்றைக் கொடுத்து, ஓய்ந்த மாடுகள் இரண்டை வாங்கிக்கொள்வார். அவற்றைப் புல் நிறைந்த பள்ளத்தாக்குகளுக்கு ஓட்டிப்போய்க் குளிர்காலம் முழுதும் மேயவிடுவார். மறு கோடையில் அவை கொழுத்திருக்கும். திரும்பவும் ஒன்றுக்கு இரண்டு. மொன்டானாவின் பெரிய மந்தைகளுள் ஒன்று இப்படித்தான் உருவாயிற்று, முதல், புல், உழைப்பு, குதிரையினுடையது.

அந்த வெள்ளை வீட்டை 1862-இல் கட்டியவர் இவர்தான். 28 சன்னல்கள் என்று அக்காலச் செய்தித்தாளே வியந்து எழுதியது. கண்ணாடி என்பது ஆறும் மலையும் கடந்து வரவேண்டிய நாட்களில், 28 சன்னல் என்பது செல்வத்தின் விளம்பரம். அதன் ஒரு பகுதியில் வணிகம்; மறுபகுதியில் குவாராவும் குழந்தைகளும். குவாரா, லெம்ஹி ஷோஷோனித் தலைவர் தெண்டோயின் உடன்பிறந்தவள் என்பர். இந்த உறவு ஜானியின் வணிகத்துக்கு எத்துணை உதவியது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பழங்குடியினர் நிலத்தின் வழியே அச்சமின்றி மந்தை ஓட்டிப்போக, உறவு ஒன்றே கடவுச்சீட்டாக இருந்த காலம்.

அதே 1862-இல் பேனக் என்னுமிடத்தில் பொன் கிடைத்தது. சுரங்கக்காரர்கள் திரண்டு வந்தார்கள். அவர்களுக்கு இறைச்சி வேண்டியிருந்தது. ஜானியின் செல்வம் பெருகிற்று. ஆனால் அவருடைய உலகம் சுருங்கத் தொடங்கிற்று. வந்தவர்களில் பலர் பழங்குடி மனைவியையும் கலப்புக் குழந்தைகளையும் இகழ்ந்தார்கள். சட்டம் வந்தது, வரி வந்தது, ஆங்கிலத்தில் எழுதிய பத்திரங்கள் வந்தன. ஜானிக்குப் பிரெஞ்சும் ஷோஷோனியும் வந்த அளவுக்கு ஆங்கிலப் பத்திரம் வராது. 1866 ஆகஸ்டில் வீட்டையும் மந்தையையும் 19,200 டாலருக்கு விற்றார். 1867-இல் காசநோய் குவாராவைக் கொண்டுபோயிற்று. அவளுக்கு முப்பது வயது நிறையவில்லை. அவ்வாண்டே ஜானி குழந்தைகளோடு கனடாவின் ரெட் ரிவர் பகுதிக்குப் போய்விட்டார்.

வாங்கியவர் கான்ராட் கோர்ஸ். 1835-இல், அப்போது டேனிஷ் ஆட்சியிலிருந்த ஹோல்ஸ்டைனில் பிறந்த ஜெர்மானியர். இளமையில் கப்பலோட்டியாகத் திரிந்தவர். பொன் தேடி வந்து பேனக்கில் கசாப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, விரைவிலேயே கடைக்காரர் ஆனவர். ஜானி கிராண்டிடம் மாடு வாங்க அடிக்கடி வந்துபோனதில் இந்தப் பள்ளத்தாக்கு அவர் கண்ணில் பட்டது. வழிப்பறிக்காரர்கள் நிறைந்த பாதையில், சேணப்பைக்குள் பொன் தூளோடு தனியே குதிரை விரட்டிய நாட்கள் அவை. அந்த வழிப்பறிக் கூட்டத்துக்குத் தலைவன் என்று சொல்லப்பட்ட ஹென்றி பிளம்மர் வேறு யாருமல்லர். பேனக்கின் காவல் தலைவர். 1864 ஜனவரியில் ஊரார் கூடி அவரைத் தூக்கிலிட்டார்கள். திரைப்படத்துக்கு இது போதும்; நாம் மேலே போவோம்.

1868-இல் கோர்ஸ், ஆகஸ்டா குரூஸ் என்னும் 19 வயதுப் பெண்ணை அயோவாவில் மணந்து, மிசௌரி ஆற்றில் நீராவிப் படகில் வாரக்கணக்கில் பயணம் செய்து அழைத்துவந்தார். நான் அவ்வீட்டில் பார்த்தவை பெரும்பாலும் ஆகஸ்டாவின் பொருள்கள். செதுக்கு வேலை செய்த நாற்காலிகள், ஜரிகைத் திரைகள், கண்ணாடி விளக்குகள். 1890-இல் வீட்டின் பின்னால் செங்கல் கட்டிடம் ஒன்று சேர்ந்தது. குழாய்த் தண்ணீரும் வெப்பமூட்டும் வசதியும் வந்தன. வெளியே ஆட்கள் வரிசை வீட்டில் ஒருவர் மேல் ஒருவராய்ப் படுத்தபோது, உள்ளே வெள்ளிக் கரண்டி ஒலித்தது. ஆகஸ்டா 1945 வரை வாழ்ந்தார். மாட்டு வண்டிக் காலத்தில் வந்தவர் அணுகுண்டு ஆண்டில் மறைந்தார்.

கோர்சின் தாய்வழிச் சகோதரர் ஜான் பீலன்பர்க்கை இங்கே சொல்லியாக வேண்டும். கணக்கும் கடனும் கோர்சின் துறை. குதிரையும் மேய்ச்சலும் பீலன்பர்க்கின் துறை. பந்தயக் குதிரை இனத்தையும், உழவுக்கும் இழுப்புக்குமான கிளைட்ஸ்டேல், ஷயர் இனங்களையும் இங்கே வளர்த்தவர் அவர். லாயத்தின் மரத்தடுப்புகளில் குதிரைகள் கடித்துக் கடித்து வளைந்துபோன விளிம்புகளை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். நான் தொட்டுப் பார்த்தேன். வெள்ளை வீட்டின் நாற்காலிகளைத் தொட அனுமதியில்லை.

பெயர்பெற்ற கௌபாய்க் காலம் இந்தச் சகோதரர்களின் காலம்தான். வேலியில்லாத அரசுப் புல்வெளியில் மாட்டை அவிழ்த்துவிடுவது. சூட்டுக்குறியால் அடையாளம் காண்பது. ஆண்டுக்கு இருமுறை குதிரைமேல் சென்று திரட்டுவது. கோர்சின் சூட்டுக்குறி சி.கே. உச்சகட்டத்தில் 50,000 மாடுகள் அவருக்கு இருந்தன. நான்கு மாநிலங்களிலும் கனடாவிலுமாகச் சுமார் 1 கோடி ஏக்கரில் அவை மேய்ந்தன. அதில் அவர் பத்திரத்தில் இருந்தது மிகச் சிறு பகுதியே. மற்றதெல்லாம், 1855 முதலான உடன்படிக்கைகளாலும் படைகளாலும் பழங்குடியினரிடமிருந்து பெறப்பட்டு, எவரும் இன்னும் அளக்காத நிலம். அங்கே மேய்ந்திருந்த காட்டெருமைகள் 1883-க்குள் ஏறக்குறைய முழுதும் கொன்று தீர்க்கப்பட்டிருந்தன. வெற்றிடம் தானாக உண்டானதன்று, உண்டாக்கப்பட்டது.

அவ்வளவு பெரிய வெளியைக் கட்டியாண்டது குதிரைதான். மேய்ப்பவன் ஒருவனுக்கு ஒரு குதிரை போதாது. எட்டு, பத்து வேண்டும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவுக் காவலுக்குக் கண் கூர்மையான வேறொன்று. மாட்டின் அடுத்த அசைவை மேலிருப்பவனுக்கு முன்பே உணர்ந்து திரும்பும் குதிரைக்கு விலை அதிகம். மாதம் 30, 40 டாலர் சம்பளக்காரனுக்குச் சேணம் மட்டுமே சொந்தம், குதிரை முதலாளியுடையது. இந்தத் தொழிலின் சொற்களையும் பாருங்கள். ராஞ்ச், லாசோ, கொரால், ரோடியோ, மஸ்டாங் எல்லாம் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. வாக்கேரோ என்னும் மெக்சிக்க மேய்ப்பர்களிடம் கற்ற தொழில் அது. கறுப்பின மக்களும் பெருந்தொகையாக அதில் இருந்தார்கள். வெள்ளித்திரையில் அவர்களைக் காணோம். நம் ஊர்க் கொட்டகைகளில் அந்தப் படங்களைப் பார்த்துக் கைதட்டிய நாட்களில், அவர்கள் எங்கே என்று கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

1883-இல் வடக்குப் பசிபிக் இருப்புப்பாதையின் இறுதி இணைப்பு இந்தப் பள்ளத்தாக்கை அடுத்த கோல்டு கிரீக்கில் நடந்தது. சிகாகோச் சந்தை அருகே வந்துவிட்டது போலாயிற்று. கிழக்கிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. புல்வெளி தாங்கும் அளவுக்கு மேல் மாடுகள் வந்தன. 1886 கோடையில் மழை பொய்த்தது, புல் கருகியது. நவம்பரிலேயே பனி விழுந்தது. ஜனவரியில் மேற்கிலிருந்து வெப்பக்காற்று வீசி மேற்பனியை உருக்கியது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். உடனே குளிர் திரும்பியது. உருகிய பனி கண்ணாடிப் பலகையாக இறுகிப் புல்லை மூடிற்று. பூஜ்யத்துக்குக் கீழ் 40 பாகை. அந்தப் புள்ளியில் ஃபாரன்ஹீட்டும் செல்சியசும் ஒன்றே. எந்த அளவில் சொன்னாலும் சாவுதான்.

இங்கே ஊழியர் சொன்ன ஒரு செய்தி என் மனத்தில் தைத்தது. மாடு பனிக்கு அடியில் புல் இருப்பதை அறிந்தாலும் குளம்பால் தோண்டாது. முகத்தால் முட்டிப் பார்க்கும். பனிப்பலகை முகத்தைக் கிழிக்கும். பிறகு காற்றுக்கு முதுகு காட்டி நடக்கும், வேலியோ பள்ளமோ தடுக்கும் வரை. அங்கே நின்று சாகும். குதிரை முன்னங்காலால் பனியைத் தோண்டும். அடியிலுள்ள புல்லைத் தின்னும். ஆகவே அந்தக் குளிரில் குதிரைகள் மாடுகளைவிட மிகுதியாகப் பிழைத்தன. பத்தாயிரம் ஆண்டு வெளியே இருந்துவிட்டு வந்தாலும் இந்தப் பனியை அதன் கால் மறக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. அறிவியலார் இதை ஏற்பார்களோ என்னவோ, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வசந்தத்தில் பனி உருகியபோது ஓடைகளெல்லாம் பிணங்கள். மொன்டானாவின் மந்தைகளில் பாதிக்கு மேல் அழிந்தன என்பது பொதுவான கணிப்பு. வேறொரு பண்ணையில் மேய்ப்பனாக இருந்த சார்லஸ் ரஸ்ஸல் என்னும் இளைஞன், முதலாளி மந்தை நிலையைக் கேட்டபோது, எலும்பும் தோலுமான ஒற்றைப் பசுவையும் அது விழக் காத்திருக்கும் ஓநாய்களையும் ஒரு சிறு அட்டையில் வரைந்து அனுப்பினான். மேற்கின் பெரும் ஓவியரானதற்கு அந்த அட்டையே தொடக்கம். பலர் தொழிலையே விட்டார்கள். கோர்ஸ் விடவில்லை. பியூட் நகர வங்கியாளர் டேவிஸ், அடமானம் ஏதுமின்றி, சொல்லை நம்பி அவருக்கு 1,00,000 டாலர் கடன் கொடுத்தார் என்பது பண்ணையில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. கோர்ஸ் மீண்டார், கடனையும் அடைத்தார். ஜானி கிராண்டுக்கு அப்படிக் கடன் கொடுக்க எந்த வங்கியாவது முன்வந்திருக்குமா என்று நான் கேட்டேன். ஊழியர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்ல கேள்வி" என்றார்.

அந்தக் குளிர்காலம் கற்பித்தது ஒன்று: அவிழ்த்துவிட்டால் போதாது, தீனி சேர்க்கவேண்டும். கௌபாய் குதிரையிலிருந்து இறங்கிப் புல் அறுக்கவேண்டியதாயிற்று. அவனுக்கு அது பெருங்குறை; காலால் நடந்து செய்யும் வேலையை இழிவென்று கருதியவன் அவன். குதிரைக்கோ வேலை மாறிற்று, அவ்வளவே. முதுகிலிருந்த சேணம் போய்க் கழுத்தில் பட்டை ஏறிற்று. முதலாளி சவாரி செய்த இனங்களைவிட, இழுக்கும் பெரிய இனங்களுக்கு மதிப்பு வந்தது.

அன்று பிற்பகல் அதையே எங்களுக்குச் செய்துகாட்டினார்கள். பீவர்ஸ்லைடு என்பது கருவியின் பெயர். 1908-ஐ ஒட்டி, தெற்கே பிக் ஹோல் பள்ளத்தாக்கில் உருவாகி 1910-இல் காப்புரிமை பெற்றது. நெடிய மரக்கம்பங்களால் ஆன சாய்தளம், ஏணியைச் சாய்த்தது போல. அடியில் ஒரு பெரிய மரத்தட்டு. அதில் வைக்கோலைக் குவிப்பார்கள். தட்டோடு பிணைத்த கம்பிவடம் உருளையின் வழியே சுற்றிவந்து குதிரைகளின் நுகத்தடியில் முடியும். குதிரைகள் ஒதுங்கி நடக்க நடக்கத் தட்டு சாய்தளத்தின்மேல் ஏறும். உச்சிக்கு வந்ததும் வைக்கோல் மறுபுறம் கொட்டி, வீட்டுயரப் போராகும். எந்திர எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம். பழுப்புநிறப் பெல்ஜிய இனக் குதிரைகள் இரண்டு. ஒவ்வொன்றின் குளம்பும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டளவு. ஓட்டுபவர் சாட்டை வைத்திருக்கவில்லை. மெல்லிய குரலில் ஒரு சொல். இரண்டும் ஒரே கணத்தில் மார்பைக் கொடுத்துச் சாய்ந்தன. வடம் விறைத்தது. அந்தச் சாய்வைப் பார்த்தபின் பேரன் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவில்லை.

பின்வரலாறு நீண்டதன்று. முள்கம்பி வந்தது, குடியேற்ற உழவர்கள் வந்தார்கள், திறந்தவெளி மூடிற்று. கோர்சின் ஒரே மகன் வில்லியம் 1901-இல் கல்லூரியில் படிக்கும்போதே இறந்தான். அவன் நினைவாகத் தந்தை கட்டிய நூலகம் டியர் லாட்ஜ் ஊரில் நிற்கிறது. கோர்ஸ் நிலத்தை விற்றுக்கொண்டே வந்தார். வீட்டைச் சுற்றியிருந்த பகுதி மட்டும் மிஞ்சியது. 1920-இல் மறைந்தார். பேரன் கான்ராட் வாரன் ஹெர்ஃபோர்டு மாடுகளும் பெல்ஜியக் குதிரைகளும் வளர்த்துப் பண்ணையை நிமிர்த்தி, பழைய கணக்கேடுகளையும் கருவிகளையும் எறியாமல் காத்துவைத்தார். நான் பார்த்த பலவும் மிஞ்சியிருப்பது அவரால்தான். ஆற்றோரம் சில இடங்களில் புல் முளைக்காமல் கிடந்ததையும் சொல்லவேண்டும். 1908 பெருவெள்ளம் மேலிருந்த செப்புச் சுரங்கங்களின் நச்சுக் கழிவைக் கொண்டுவந்து கரைகளில் படியவிட்டது. நூறாண்டு கழித்து அந்த மண்ணை வெட்டி அள்ளி அகற்றும் பணி நடந்தது. இந்தப் பள்ளத்தாக்குக்குப் பொன்னும் செம்பும் கொடுத்ததில் இதுவும் ஒன்று.

ஊர் திரும்பியபின் நான் படித்தவற்றில் இரண்டு தன்வரலாறுகள் உண்டு. கோர்ஸ் முதுமையில் தன் கதையைச் சொல்லி எழுதுவித்தார். ஜானி கிராண்டும் கனடாவில், முதுமையில், வறுமையில், தன் பிந்தைய மனைவி குளோட்டில்டு எழுத, கதையைச் சொன்னார். அது வெகுகாலம் கையெழுத்தாகவே கிடந்து 1996-இல் அச்சேறிற்று. ஒரே வீட்டைக் கட்டியவரும் வாங்கியவரும் பேசிவிட்டார்கள். அந்த 28 சன்னல்களின் வழியே முதலில் வெளியே பார்த்தவள் பேசவில்லை. குவாரா என்ற பெயர்கூட நமக்குக் கணவர் சொல்லித்தான் தெரிகிறது.

ஜானி கிராண்ட் 1907 மே மாதம் இறந்தார். அதே மாதம் தெண்டோயும் இறந்தார். தெண்டோய் உயிரோடிருந்தவரை லெம்ஹி ஷோஷோனி மக்கள் தம் பள்ளத்தாக்கை விட மறுத்துவந்தார்கள். அவர் போன அதே ஆண்டில் அவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள், சுமார் 200 மைல் தெற்கே. போய்ச் சேர்ந்த இடத்தின் பெயர் ஃபோர்ட் ஹால். ஜானியின் தந்தை வணிகக் கோட்டை நடத்திய பகுதி அது. மந்தைக் கதை தொடங்கிய இடம்.

அந்த வீட்டில் ஆகஸ்டாவின் அறையைக் காட்டினார்கள். குவாரா இருந்த அறை எது என்று கேட்டேன். பின்னாள் மாற்றங்களால் உறுதியாகச் சொல்ல இயலாது என்றார் ஊழியர். ஆனால் பழைய மரச்சுவர்கள் இந்தச் சுவர்த்தாளுக்குப் பின்னால் இன்னும் இருக்கின்றன என்று சொல்லி, சுவரை விரல் முட்டியால் மெல்லத் தட்டினார்.

மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். வெளியே வந்தபோது குதிரைகளின் கழுத்துப்பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டை இருந்த இடத்தில் வியர்வை கறுத்திருந்தது. அவிழ்த்ததும் ஒன்று சில அடி நடந்து, முன்னங்காலால் மண்ணை இருமுறை கீறி, மடங்கிப் படுத்து, நான்கு காலும் மேலே தெரியப் புழுதியில் புரண்டது. பேரன் வேலியைப் பிடித்துக்கொண்டு, அது எழுந்து உதறும்வரை அங்கேயே நின்றான்.